பதினெட்டாம் அத்தியாயம்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை
ஓட்டலாக்கியிருக்கிறார்கள்.
வரவேற்பு மேசையில் எனக்கு இரவுப் பணி.
பதினோரு மணிக்குமேல் யாரும் வருவதில்லை.
சாவிகள் ஆணியில் தூங்கும்.
நான் கைப்பேசியில் நாவல் எழுதுவேன்.

நாயகன் ஆதித்யா. லண்டனிலிருந்து வருகிறான்,
எப்போதும் மழையோடு வருகிறான்.
எங்கள் பக்கம் தூறல் விழுந்து நாலு மாதம் என்பதை
நாவலுக்கு நான் சொல்லவில்லை.
நாயகி நிலா.
அவள் கண்களுக்கு மட்டும் இரண்டரைப் பக்கம்.

வாசகி ஒருத்திதான்.
ஜெசிந்தா, காரைக்குடியில் மருந்துக்கடை.
தேவகோட்டை ரஸ்தாவில் பஸ் ஏறியதும் படிப்பாள்.
கடை திறக்கும்போது வாய்ஸ் நோட் வந்துவிடும்,
பின்னால் ஷட்டர் ஏறும் சத்தத்தோடு.
என் விவாகரத்து அன்று
கோர்ட் வாசலில் மோர் பாக்கெட்டோடு நின்றவள்.
ஏன் எதற்கு என்று
இன்றுவரை கேட்டதில்லை.

புதன்கிழமை கேட்டாள்:
“ஏண்டி உமையா, பதினேழு அத்தியாயம் ஆச்சு,
இவ ஒரு வாய் சாப்பிட்டாளாடி?”

சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தேன்.
மூன்றில் வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிறாள்,
ஆதித்யா தின்கிறான்.
ஒன்பதில் காபி ஆற்றுகிறாள், அவனுக்கு.
பன்னிரண்டில் மயங்கி விழுகிறாள்.
அதைக் காதல் என்று எழுதியிருக்கிறேன்.

கோட்டையூரில் ஆறு வருடம்
அடுப்புமேடை ஓரம் நின்றபடியே
குழம்புச் சட்டியின் அடியை வழித்துத் தின்ற கை.
இந்த நாவலைத் தட்டியதும்
அதே கைதான்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு.
காரைக்குடியில், பழைய பேருந்து நிலையம் பக்கம்
ஒரு மெஸ்.
“உனக்கு என்ன வேணும்?”
அட்டையை வாசித்தேன். திரும்ப வாசித்தேன்.
சர்வர் இரண்டு முறை வந்து போனார்.
ஜெசிந்தா அவசரப்படுத்தவில்லை,
எனக்காக எதையும் சொல்லவுமில்லை.
தண்ணீர் டம்ளரை மேசைமேல்
சும்மா சுழற்றிக்கொண்டிருந்தாள்.
எனக்காக எவரும்
அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

தயிர்சோறு, என்றேன்.
அப்பளம். இன்னொரு அப்பளம்.
மிளகும் வரமிளகாயும் ஆளும் இந்தச் சீமையில்
எனக்குக் காரம் பிடிக்காது என்பது
முப்பத்தாறு வயதில் தெரியவந்தது.
ஜெசிந்தா மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை இரவு
நான்காம் அறையில் ஏசி ஒழுகியது.
சாத்தையா வந்தார், ஏணியும் ஈர முழங்கையுமாக.
லண்டன் இல்லை, புதுவயல்.
கண்கள் என்ன நிறம் என்று
இதுவரை நான் பார்த்ததுமில்லை.
கிளம்பும்போது வழக்கம்போல,
“சாப்பிட்டாச்சா?”
ஒன்றரை வருடமாக ‘ஆச்சு’ என்றே பழகிய வாய்
“இல்லைங்க” என்றது.

கொஞ்சம் திகைத்தார்.
ஏணியைச் சுவரில் சாத்தினார்.
வருகைப் பதிவேட்டை ஓரமாகத் தள்ளி
பொட்டலம் பிரித்தார்: ஐந்து இட்லி, சிவப்புச் சட்னி.
எனக்குக் காரம் ஆகாது, என்றேன்.
விருந்தினர் காபிக்கு வைத்திருக்கும் சீனிப் பொட்டலத்தைப்
பல்லால் கிழித்தேன்.

அவர் வாசல்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினார்:
“எனக்கும் ஆகாது. வெளியில சொல்றதில்ல.”

ஐந்தாவது இட்லியைப் பாதியாக்கியது யார் என்று
ஞாயிறு முழுக்க யோசித்தேன்.
நான்தான்.

திங்கள் காலை, ஷட்டர் சத்தம்.
“பதினெட்டு படிச்சேன். ஆதித்யா எங்கடி?”

வெளியே நிற்கிறான், ஜெசி,
அவன் மழையோடு.
நிலா இன்னும்
சாப்பிட்டு முடிக்கவில்லை.