ஆறாவது துளை

மில்டுராவில் சனிக்கிழமை.
கூலி வந்த கையோடு கடைக்குப் போனோம்.
வைக்கோல் தொப்பி வேண்டாம் என்றான் குகதாசன்;
போன கோடையில் அவனுடையது
திராட்சைக் கம்பியில் மாட்டி விளிம்போடு கிழிந்தது,
காது இன்னும் உரிகிறது.
முயல்ரோமத் தொப்பியை எடுத்தேன்.
விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தேன்.
பிறகும் எடுத்தேன்.

பெல்ட்டை வளைத்து, முகர்ந்து,
ஓரத்தை நகத்தால் கீறினேன்.
ஒட்டுத்தோல் இல்லை. ஒரே தோல்.
"இருபது வருஷம் உழைக்கும்" என்றாள் கடைக்காரி.
எனக்கு விசா
மார்ச் வரைக்கும்.

கடைசித் துளையிலும் இடுப்பில் நிற்கவில்லை.
அறைக்கு வந்து ஆணியைச் சுடவைத்து
ஆறாவது துளை போட்டேன்.
தோல் கருகிய மணம் சோற்றிலும் அடித்தது.

"ஏழாவதையும் இப்பவே போடு,
அறுவடை முடியமுன் தேவைப்படும்"
என்றான் குகதாசன், சிரிக்காமல்.

ஆணி இன்னும் ஆறவில்லை.