பதினான்காம் எண்ணின் உள்பக்கம்

கொடைக்கானல் ஞாயிற்றுச் சந்தையில்
கொரியா மூட்டை பிரித்த குவியலில்
ஸ்வெட்டர்களுக்கும் யாரோ பிள்ளைகளின் பள்ளிக் கோட்டுகளுக்கும் அடியிலிருந்து
எண்பது ரூபாய்க்கு உருவினேன் இந்தப் பனியனை.
எண் பதினான்கு. அவித்த பீட்ரூட் நிறம்.
மார்பில் வட்டமும் குச்சியுமாக நான்கு எழுத்து,
சின்னச் சின்ன வீடுகளுக்குப் பிளான் போட்டதுபோல.

அப்போது எங்கள் அணிக்குச் சட்டை இல்லை.
சொல்லப்போனால் பெயரே இல்லை.
சீட்டுக் கம்பெனி ஓடிப்போய் நாற்பது நாள்.
அதன் பெயர் அச்சடித்த முதுகோடு
கடைத்தெருவில் நடக்க முடியவில்லை.
மூஞ்சிக்கல்லில் ஒருத்தி மரியதாசை நிறுத்தி
"பதினெட்டாயிரம்" என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அங்கேயே சட்டையைக் கழற்றி
உள்ளே வெளியே புரட்டிப் போட்டுக்கொண்டு
ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

அதற்கு முன்னால் நாங்கள் பேரிக்காய்ச் சங்கம்.
சங்கம் இரண்டாகப் பிரிந்தபோது
பந்து ஒரு தரப்புக்கும்
காற்றடிக்கும் பம்பு மறு தரப்புக்கும் போனது.
அதற்கும் முன்னால் என்னவோ, ஸ்டாலினுக்குத்தான் தெரியும்,
அவன் திருப்பூருக்குப் போய்விட்டான்.

மேலேயிருந்து பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆட வந்தார்கள்.
என்னை மறிக்க நின்றவன் டேஹோ,
எட்டு வருடமாக இந்த மலையில் இருப்பவன்,
டீக்கடையில் கற்ற தமிழ்.
பந்தைப் பார்க்காமல் என் மார்பையே பார்த்தான்.
அவனைத் தாண்டிப் போய்ச் சுலபமாகப் போட்டேன்.
அப்போதும் திரும்பவில்லை.
"அண்ணே, இது எங்க ஊரு டீம்."

இடைவேளையில் கழற்றித் தரச் சொல்லி
உள்பக்கத்தைப் புரட்டினான்.
பிரித்தெடுத்த தையலின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.
அதன்மேல் விரல் வைத்துப் படித்தான்,
கண் தெரியாதவர் படிப்பதுபோல:
மேலே இருப்பது சிமெண்டு.
அதுக்கு அடியில நூடுல்ஸ்.
இன்னும் அடியில, இந்தா, இந்த வட்டம்,
அது ரேடியோ கம்பெனி. அப்ப நான் பொறக்கல.
மூன்று முதலாளிக்கும் ஒரே துணி.
மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த அரங்கம்,
ஜெயித்த இரவு கருவாட்டுக்காரர்கள் கடையைத் திறந்துபோட்டு வந்தார்களாம்.
நான்காவதாக வாங்கியவன்
ஒரு செவ்வாய்க்கிழமை அறிவித்தான்:
அடுத்த பருவம் முதல் அணிக்கு வேறு ஊர்.
ரயிலில் மூன்று மணி நேரம்.

அவன் அப்பா பதினொரு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்.
"இப்பவும் அந்த டீம் ஜெயிக்குது அண்ணே.
அப்பா டிவிய பாத்துட்டு
யாரோ ஜெயிச்சாங்கன்னு சொல்வாரு."

எங்களுக்கு அறிவிக்கவும் ஆள் கிடையாது.
மைதானத்தில் கார் நிறுத்துமிடம் என்று பலகை நட்ட அன்று
வளையத்தையும் கம்பத்தையும்
கேரட் இறக்கித் திரும்பும் லாரியில் கட்டி
வில்பட்டிக்குக் கொண்டுவந்தோம்.
கூடவே வந்த ரசிகர் ஒரு நாய்.
அதுவும் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

இரண்டாம் பாதியில் மேகம் இறங்கியது.
முதலில் எதிர் வளையம் போயிற்று, பிறகு கோடு,
பிறகு என் கையில் இருந்த பந்து.
கொஞ்ச நேரம் சத்தத்தை வைத்தே ஆடினோம்.
தரையில் தட்டும் இடம் கேட்டு ஓடுவது,
யார் மூச்சு என்று பார்த்துக் கொடுப்பது.
அப்போது யாருக்கும் சட்டை இல்லை,
பெயர் இல்லை.
பிறகு ரெஃபரி விசில் ஊதினார்,
தன் செருப்பைக் காணோம் என்று.

டேஹோ போனில் அப்பாவைக் கூப்பிட்டு
என்னை விளக்கடியில் நிற்க வைத்தான்.
சின்னத் திரையில் ஒரு மூக்குக் கண்ணாடி.
திரும்பச் சொன்னார், திரும்பினேன்.
கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன்.
வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை,
மீன் சந்தைபோல் ஏதோ பின்னால் இரைந்தது.
அப்புறம் ஒரே ஒரு கேள்வி.
டேஹோ தமிழில் கேட்டான்:
"அங்க வளையம் சரியா பத்தடி இருக்கான்னு கேக்குறாரு."

அண்ணாந்து பார்த்தேன்.
லாரியில் வந்தபோது கம்பத்தின் அடி நசுங்கி
நான்கு விரல் குறைவு.
"பத்தடிதான்னு சொல்லு" என்றேன்.