ஒரு படி உள்ளே

விசுவமடு. ரெட்பானாச் சந்தி தாண்டி உள்ளே போகும் கிரவல் ஒழுங்கை.
இரவு ஒன்பதரை.
கரண்ட் போய் வந்ததில்
ரௌட்டர் இன்னும் கண்சிமிட்டுகிறது.
கிளிநொச்சி அலுவலகத்தில் தொடங்கின வேலையை
வீட்டுக் கணினியில் கட்டியெழுப்ப வேண்டும்:
சிறுபோகத்துக்கு எந்த வாய்க்காலில்
எந்தக் கிழமை தண்ணி வரும் என்று
வயற்காரருக்குச் சொல்கிற சின்னச் செயலி.
திங்கள் காலை றெஜினோல்ட் கேட்பான்.

கறுப்புத் திரையில்
கிட் இனிட் என்று அடித்தேன்.
நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.
வளவு அளக்க வந்தவன்
கயிற்றின் முதல் முளையை
ஊருக்கு வெளியே அடித்த மாதிரி.

நிலவரம் கேட்டேன்.
என் செயலிக்கு நாலே கோப்பு.
திரையில் சிவப்பாய் இறங்கியது
முடியாத ஒரு பட்டியல்:

அம்மாவின் சமுர்த்திப் படிவம்
காணிப் பெர்மிட், முன்பக்கம் மட்டும்
சுயந்தினி இறக்கி வைத்த நாடகம், பதினாறு பகுதி
கோழித்தீன் கணக்கு
பிரான்சில் நடந்த கலியாணம், பாதிப் படம் தலைகீழாய்
அதற்கும் கீழே
அண்ணா காகிதங்கள்.

இவை எதற்கும் தடம் இல்லை என்றது கணினி,
ஆங்கிலத்தில்,
குரல் உயர்த்தாமல்.

றெஜினோல்டுக்கு எடுத்தேன். பின்னால் மன்னார்க் கடற்காற்று.
"வீட்டையே ரெப்போ ஆக்கிப்போட்டீரோ?" சிரித்தான்.
"பறவாயில்லை. புறக்கணிக்கிற பட்டியல் ஒண்டு எழுதும்,
வேண்டாததெல்லாம் அதுக்குள்ள போடும்.
ரெண்டு நிமிசம்."

திறந்தேன்.
நாடகத்தை எழுதினேன். கோழித்தீனை எழுதினேன்.
கலியாணத்தை எழுதினேன்.
வரிக்கு ஒன்று, சாய்கோட்டோடு.
அடுத்த வரியில் குறி துடித்துக்கொண்டு நின்றது.

அந்தப் போல்டருக்குள் என்ன கிடக்கிறது என்று தெரியும்.
மூன்று மொழியிலும் நிரப்பின படிவங்கள்,
பதிவுத் தபால் துண்டுகள்,
ஓ/எல் அடையாள அட்டைக்கு எடுத்த படம், காது தெரிய.
புறக்கணிக்கும் பட்டியலில்
ஏற்கெனவே எத்தனையோ மேசைகள்
அவனை எழுதிவிட்டன.
என் விரலும் எதற்கு?

இது வெறும் கட்டளைக் கோப்பு, எனக்கும் தெரியும்.
படம் அழியாது, படிவம் அழியாது.
இருந்தும் எழுதவில்லை.

எழுதின மூன்று வரியையும் அழித்தேன்.
புள்ளியில் தொடங்கி ஒளிந்திருக்கிற
அந்த ஒரு கோப்புறையை மட்டும்
பெயரை இரண்டு தரம் வாசித்து,
மூன்றாம் தரம் வாயால் சொல்லி,
நீக்கினேன்.

பிறகு புதிதாய் ஒன்று: தண்ணி.
நாலு கோப்பையும் அதற்குள் நகர்த்தி
நானும் உள்ளே போய்
நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டேன்.
முழுப் பாதையையும் சொன்னது.
அதற்குப் பிறகுதான் கிட் இனிட்.

நிலவரம்: நாலு.
வெளியே இருப்பவர்கள் இப்போது
தடமற்றவர்களும் இல்லை,
புறக்கணிக்கப்பட்டவர்களும் இல்லை.
பட்டியலுக்கு வெளியே, வீட்டில்.

முதல் கமிட்டுக்குக் குறிப்பு:
"இரணைமடு வலது கரை, நீர்முறை, தொடக்கம்."
றெஜினோல்ட் கேட்டிருந்தான்: சரி வந்துதா?
ஓம் என்று போட்டேன்.

மூட முன்
ஒரு படி மேலே ஏறி
எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன்.
கோழித்தீன் கணக்கு இருந்தது.