பதினோரு மீட்டர்

பினாங்கு பெரியாஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
மருந்துக் கிடங்குக்குப் போகும் நடைவழி
முப்பது மீட்டர்.
இந்தக் கோடியில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு,
அந்தக் கோடியில் இன்னொன்று,
பள்ளித் திடலிலிருந்து யாரோ
கேட்காமல் எடுத்து வந்தது போல.

புஷ்பலீலா சப்பாத்து மாற்றுகிறாள்.
"வேலைக்குப் போடுறது, மிஸ்ஸி.
இதுலதான் எனக்கு நடை வரும்."
முப்பத்தாறு வயது. பாயான் லெப்பாஸ் ஆலையில்
நகக்கண் அளவுச் சில்லுகளைக்
கண்ணாடிக்கடியில் வைத்துப் பழுது பார்ப்பவள்.

கையில் கட்டும் பட்டைக்கு இவள் நோய் தெரியாது.
நூற்றுப் பத்து, எழுபது என்று
சாதுவாகச் சொல்லிவிடும்.
அழுத்தம் உள்ளே, நுரையீரல் குழாய்களில்.
ரத்தசோகை என்றார்கள். ஆஸ்துமா என்றார்கள்.
சோம்பல் என்றார் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.
இப்படியே இரண்டு வருடம்.
பாடப்புத்தகத்தை விட அவள்தான்
எனக்கு விளங்கச் சொன்னாள்:
"எங்க ஃப்ளாட்டுல பைப்பெல்லாம் துரு.
மேல தண்ணி ஏறாது. கீழ மோட்டாரு மட்டும்
ராப்பகலா உறுமிக்கிட்டே கெடக்கும்.
அந்த மோட்டாருதான் என் நெஞ்சு."

என்னிடம் ஒரு கடிகாரம், ஒரு தாள்.
நான் பேச வேண்டியது தாளில் இருக்கிறது,
அதற்கு மேல் ஒரு சொல் கூடாது.
கூட நடக்கக் கூடாது,
என் கால் அவள் காலை இழுத்துவிடும்.
"வா வா, உன்னால் முடியும்" கூடாது.
ஒரு நல்ல வார்த்தைக்கும்
மீட்டர்க் கணக்கு உண்டாம்.

ஒரு நிமிடம்.
"நன்றாகச் செய்கிறீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது."
படகுத்துறை அறிவிப்பு மாதிரி
என் வாயிலிருந்து வருகிறது.

இரண்டு.
காக் சல்மா துடைப்பத்தை மார்போடு பிடித்து
சுவரோடு சுவராக ஒதுங்கி வழிவிடுகிறாள்,
ஊர்வலத்துக்கு விடுவது போல.

மூன்றில் அவள் இடது கை
சுவரைத் தேட ஆரம்பித்தது.

நான்கில்
டெங்கி விளம்பரத்தின் பெரிய கொசுவுக்குக் கீழே
நின்றுவிட்டாள்.

நிற்கலாம். சாய்ந்துகொள்ளலாம். விதி இருக்கிறது.
கடிகாரம் மட்டும் நிற்காது.
தோள்பட்டை ஏறி இறங்க
இருபத்திரண்டு வினாடி எண்ணினேன்.
"முடியும்போது மறுபடி நடங்கள்."
முடியும்போது.
அந்தத் தாளிலேயே மனுஷன் எழுதிய சொல்
அது ஒன்றுதான்.

நடந்தாள்.

"நில்லுங்கள்" என்றதும் நின்ற இடத்தில்
குதிகாலோரம் பிளாஸ்திரித் துண்டு ஒட்டினேன்.
விரல் கவ்வியில் எண்பத்து மூன்று.
மூச்சிரைப்பு, பத்துக்கு எத்தனை?
"நாலு."
நாவற்பழம் தின்ற உதடு
வேறு ஒரு எண்ணைச் சொன்னது.
தாளில் நாலு என்றுதான் எழுதினேன்.
அவள் மூச்சு, அவள் கணக்கு.

ஐந்து சுற்று, முந்நூறு.
மிச்சத்தை நாடா வைத்து அளந்தேன், பதினேழு.
டிசம்பரில் முந்நூற்று இருபத்தெட்டு.

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்
கழித்தும் விட்டாள். சில்லு பார்க்கும் கண்.
"பதினோரு மீட்டரு எங்க போச்சு?"
பதில் தாளில் இல்லை.
அவளே சொன்னாள்:
"லிஃப்ட்டு மூணு வாரமா ரிப்பேரு, மிஸ்ஸி.
எனக்கு ஒம்பதாவது மாடி.
ஏதோ ஒரு திருப்பத்துல விட்டுட்டு வந்திருப்பேன்.
யாராச்சும் எடுத்து வச்சிருப்பாங்க."
சிரித்தாள்.
சிரிப்புக்கும் மூச்சு செலவாகும்.
பாதியில் நிறுத்தி
மீதியைக் கண்ணால் முடித்துக்கொண்டாள்.

குறிப்பு எழுத இரண்டு விரல் அகலம் இடம்.
ஒருமுறை நின்றார், 22 வினாடி.
லிஃப்ட் பழுது, ஒன்பதாம் மாடி.
அடித்தேன்.
டாக்டர் சிரிப்பார்.
மறுபடி எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அடுத்தவர் திரு. கூ
புதுக் காலணியோடு வந்து
கயிறு முடிந்துகொண்டிருந்தார்.
குனிந்து பிளாஸ்திரியை உரித்தேன்.
பாதி கையோடு வந்தது, பாதி தரையோடு நின்றது.
"பியார்லா" என்றாள் காக் சல்மா,
இருக்கட்டும் விடு என்று.

துடைப்பம் ஈரமாக வந்து
அந்தத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனது.