வரிக்கு இரண்டு ரூபாய்

மர்ஃபி டவுனில், பேக்கரி மாடியில்,
இரவு பத்துக்குக் கணினியைத் திறந்தால்
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்று.
பென்சில்வேனியாவில் பனி.
கீழே பன் வேகும் வாசனை.

பழைய கையெழுத்தைப் படித்துத் தட்ட வேண்டும்,
வரிக்கு இரண்டு ரூபாய்.
நிலவரிப் பட்டியலென்றாலும்
அதே இரண்டுதான்.

இந்த வாரம் மெக்லெனகன் குடும்பம்.
ஸ்காட்லாந்தில் முளைத்து
அயர்லாந்தின் வடக்கே நடப்பட்டு
குத்தகை ஏறியதும்
வேரோடு கப்பலேறியவர்கள்.
முதலில் வந்தவன் ஆர்ச்சிபால்ட்.
துறைமுக ஏட்டில் மெக்லெனகன்,
சபைப் பதிவில் மக்ளனஹன்,
வரிப்பட்டியலில் மக்லீனன்,
சாகும்போது வெறும் கிளனன்.

நால்வரும் ஒருவர்தானா?
கேட்பவர் ஒஹையோவில்
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்,
எட்டாம் தலைமுறைப் பேத்தி.

இதிலென்ன சந்தேகம்.
என் அப்பா ரேஷன் கார்டில் ஏகாம்பரம்,
வாக்காளர் அட்டையில் எகாம்பரா,
ஆதாரில் யேகம்பரன்.
பி.எஃப். பணம் இன்னும் வரவில்லை.

ஒரே ஆள்தான் என்று எழுதினேன்.
ஆதாரம் வேண்டுமாம்.
தேடினேன்:
கையெழுத்துத் தெரியாதவன் போட்ட குறி,
நான்கு தாளிலும்
வலப்பக்கம் சாய்ந்த அதே தூண்டில்முள்.

என் பேட்டைக்குமே அயர்லாந்துப் பெயர்தான்.
யாரோ ஒரு மர்ஃபி.
அவனுக்கும் எங்காவது
ஒரு பல் மருத்துவர் இருப்பார்.

புதன்கிழமை உயில் வந்தது.
மனைவி மார்கரெட்டுக்குக் கட்டிலும் கறுப்புப் பசுவும்.
மூத்தவனுக்கு
ஓடையிலிருந்து இடிவிழுந்த ஓக் மரம் வரை நிலம்.
(அந்த ஓடைக்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கிறது.
வாயில் நுழையாமல்
மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.)
இளையவனுக்குச் சேணம்.
மகள் ஜேனட்டுக்கு
நூற்புச் சக்கரம், இரும்புப் பானை,
டைனா என்ற பெண்,
அவளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள்.

பானைக்கும் டைனாவுக்கும் நடுவே
ஒரு காற்புள்ளி.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
மை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

படிவத்தில் மனைவிக்குக் கட்டம் உண்டு, மகனுக்கு உண்டு,
சாட்சிக் கையெழுத்துப் போட்ட
பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக்கூட உண்டு.
மேலாளர் பெர்க்மான்ஸிடம் கேட்டேன்.
'உறவு இல்லேன்னா விட்டுடும்மா,
அடுத்த தாளுக்குப் போ.'

போயிருப்பேன்.
ஆனால் போன வருஷம்
எங்கள் வம்சத்தைத் தேடிப்போன மாமா
ஏரி தூர்வாரிய கணக்கொன்றை
எங்கிருந்தோ நகலெடுத்து வந்தார்.
மண்வெட்டி முப்பது.
கூடை அறுபது.
கழுதை பதினொன்று.
கூலி நாற்பத்திரண்டு.

ஆளா ரூபாயா என்று
வீட்டில் இன்னும் தகராறு.
ஆள்தான் என்கிறார் மாமா,
நாற்பத்திரண்டில் ஒருவர் நாம்.
லேமினேட் செய்து
பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

'இதர' என்ற கட்டம்
எப்போதும் காலியாகவே போகும்.
அதில் தட்டினேன்:
டைனா.
பிள்ளைகள் பெயர் தெரியவில்லை,
இடம் விட்டிருக்கிறேன்.

மறுநாள் ஒஹையோவிலிருந்து
நிறைய நன்றி. தூண்டில்முள்ளைப்
பேரன்களுக்குக் காட்டினாராம்.
கடைசியில் ஒரு கேள்வி:
டைனா என்பது தட்டச்சுப் பிழையா?

கீழே முதல் தட்டு வெளியே வந்துவிட்டது.
ஷட்டரைத் தூக்கும் சத்தம்.

இல்லை, என்று எழுதினேன்.
அதையும் ஒரு வரியாகக்
கணக்கில் சேர்த்தேன்.