இதரச் செலவு

அம்பத்தூர் எஸ்டேட், ஷெட் நாற்பத்தொன்று.
ஸ்டோர் சாவி என் இடுப்பில்.
எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய இருப்புப் புத்தகங்கள்
பீரோவின் அடித்தட்டில்,
வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து
அப்பளமாய் நெளிந்து கிடக்கின்றன.

1967. நீல மை. ஆரோக்கியநாதன் என்று ஒருவர்.
ஹைட்ரோபுளோரிக், மெழுகு பூசிய ஜாடி, இரண்டு.
கீழே சிவப்பில்: கண்ணாடியில் ஊற்றாதே.
கண்ணாடியைத் தின்பதை
மெழுகு தாங்குகிறது.
அந்த நியாயம் எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

அலுமினியம் கூச்சக்காரன்.
காற்று பட்ட நொடியில் போர்த்திக்கொள்வான்.
சோடாவில் முக்கினால் போர்வை போகும்,
மேலே கரி நிற்கும்.
தகடு என்றால் நைட்ரிக் போதும், கரி இறங்கிவிடும்.
வார்ப்பு உருப்படி மசியாது:
பம்ப் உறை, எஞ்சின் மூடி,
அவற்றின் கறுப்பு மணலின் சொந்தம்.
மணலைக் கரைக்க புளோரைடுதான் வரவேண்டும்.
அலுமினியம் உருகிப் பிறந்ததே
புளோரைடு உப்புக் குளியலில்தானே,
தாய்வீட்டுத் தண்ணீரில் முகம் கழுவுகிறான்
என்பார் எங்கள் சூப்பர்வைசர் ஜபருல்லா.
அவருக்கு எல்லாமே கல்யாண வீடு.

1983. பந்து முனைப் பேனா.
பைபுளோரைடு, மூட்டை, இருபத்தைந்து கிலோ.
விற்க வந்தவர் சொன்னாராம்,
ஆசிட் இல்லை சார், வெறும் உப்பு.
தண்ணீரில் போட்டதும்
உப்பு தன் பழைய பெயரைச் சொன்னது.
ஓரத்தில் வேறொரு கை எழுதியிருக்கிறது:
கேன்டீன் பக்கம் வைக்காதே. சமையலுக்கு அல்ல.
அப்படியென்றால் ஒருநாள்
யாரோ வைத்திருக்கிறார்கள்.

1996 ஆகஸ்ட் ஒன்பது.
ஒரே ஒரு வரி: கையுறை, ஒரு ஜோடி, புதியது.

அந்த வரியின் மிச்சத்தை
இப்போது கேட்டில் நிற்கும் தணிகாசலம் சொன்னார்.
பழைய கையுறையில் ஊசி நுழையும் ஓட்டை.
சாயங்காலம் வலி இல்லை, சிவப்பும் இல்லை.
பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி, சாப்பிட்டு, படுத்து,
இரவு இரண்டு மணிக்கு
நகத்துக்கு அடியில் யாரோ திருகாணி போட ஆரம்பித்தார்கள்.
கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் கேட்டார், என்ன ஆசிட்?
வெள்ளைத் தண்ணி சார்.
எங்களுக்கு அதுதான் பெயர்.
அதற்குள் தண்ணி
எலும்பில் சுண்ணாம்பு தேடிப் போய்விட்டது.
இன்றைக்கும் வருகைப் பதிவு மிஷினில்
அவர் நடுவிரலைத்தான் வைக்கிறார்.

2009இல் புளோரைடு இல்லாதது என்று ஒரு கேன் வந்தது.
பச்சை லேபிள், இலைப் படம்.
ஸ்ரீபெரும்புதூர்க்காரன் திருப்பி அனுப்பினான்,
எழுநூறு உருப்படி, எல்லாம் தேமல்.
ஆறு மாதத்தில் பழையதே வந்தது,
புதுப் பெயரில், அதே இலைப் படத்தோடு.

ஜெல் வாங்குங்கள் என்றேன், கால்சியம் ஜெல்.
முதலாளி கேட்டார், இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை?
ஒரு தடவை.
அப்புறம் என்னம்மா.

அன்றிலிருந்து மார்ச் தோறும் எழுதுகிறேன்:
இதரச் செலவு, காப்பித்தூள், ஆறு பாக்கெட்.
காப்பித்தூள் ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில்
டியூப் வடிவில் இருக்கிறது.
ஆடிட்டர் காப்பி குடிப்பதில்லை.

நேற்று, கத்திரி வெயில்,
ஏசி மெக்கானிக் பையன் ஒருவன், டில்லிபாபு.
காயில் கழுவ நுரை வர்றது இருக்காக்கா?
விற்பதில்லை என்றேன்.
பரவால்ல, கோவிந்தப்ப நாயக்கன் தெருவுல வாங்கிட்டேன்,
இன்னும் கொஞ்சம் இருந்தா நல்லாருக்கும்னு.
கையில் தண்ணீர் பாட்டில், பாதி.
மூடியில் கசிவு. வெறுங்கை.

குழாயடியில் கால் மணி நேரம் நிறுத்தினேன்.
எரியவே இல்லக்கா என்று சிரித்துக்கொண்டே நின்றான்.
ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தேன்.
இது எதுக்கு, மூஞ்சிக்கா?
வலிக்கலைன்னாலும் தடவு.
தடவிக்கிட்டே கீழ்ப்பாக்கம் போ.
வெள்ளைத் தண்ணின்னு சொல்லாதே,
பெயரைச் சொல்லு.
பெயரை அவன் உள்ளங்கையிலேயே எழுதினேன்,
ஜெல்லில் பேனா வழுக்கியது.

இருப்பு: காப்பித்தூள், ஐந்து.