வெட்டிய சொல்

வெள்ளத்தில் மிதக்கும் ஒரு கதவு.
அதன் மேல் நரி, முயல்,
இறகு நனைந்த ஆந்தை.
படம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது.

நரியின் மூச்சு மட்டும்
லீவியின் நாயுடையது.
டார்ட்டூவில், பிப்ரவரி உறைபனியில்,
மருத்துவர் ஊசியை எடுத்தபோது
மைக்கை அவள் அணைக்கவில்லை.
பதிவில் மூச்சு தடதடக்கிறது.
பிறகு அவள் குரல்: "மூரி."
ஒரே ஒரு தரம்.
மூச்சு மெல்ல இறங்குகிறது.

மனிதக் குரல் கூடாது என்றார் இயக்குநர்.
சரிதான். வெட்டினாள்.
அரை நொடிகூட இல்லை அது.

இப்போது திரையில்
முயல் கொஞ்சம் நகர்ந்து இடம்விட,
நரி அடங்குகிறது.
முன்வரிசைப் பையன் சத்தமாகவே சொல்கிறான்:
"முயல் ஏதோ சொல்லிருச்சு."

அரங்கின் கடைசியில் நின்றபடி லீவி
கையுறையைக் கழற்றுகிறாள்,
மாட்டுகிறாள்,
மறுபடி கழற்றுகிறாள்.